விருந்தாளியின் உரிமம்

2007 ஜூனில் அப்பா முதல்முறையாக லண்டன் வந்தார். அரசுப் பேருந்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓட்டிவிட்டு அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஹாரோவில் நான் குடியிருந்த வீட்டு வாசலில் என் பழைய கார் நின்றது. முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போர்டு.

"யாருடா பழகறா?" என்றார்.

"நான்தாம்பா."

பதினெட்டு வயதில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஊரில் ஆறு வருடம் ஓட்டியவன் நான். அவர் எதுவும் சொல்லாமல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "அப்ப நான் ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார்.

"நீங்க ஓட்டலாம்பா. எனக்குத்தான் கூடாது."

அதுதான் சட்டம். இந்திய உரிமம் வைத்திருக்கும் ஒருவர் பிரிட்டனுக்கு வந்தால் பன்னிரண்டு மாதங்கள் அதைக் காட்டியே கார் ஓட்டலாம். நான் 2004இல் முதுகலை படிக்க வந்தவன். என் பன்னிரண்டு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆறு மாத விசாவில் வந்த அப்பாவுக்கு அன்றுதான் முதல் நாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு தொகை கட்டி ஒரு மாதத்துக்கு அவர் பெயரைச் சேர்த்தேன். எல் போர்டைக் கழற்றி டிக்கியில் போட்டோம். அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். அப்பா ஓட்ட நான் பக்கத்தில் இருக்கலாம். நான் ஓட்ட அப்பா பக்கத்தில் இருந்தால் குற்றம். பழகுநரின் பக்கத்தில் இருப்பவர் 21 வயது நிறைந்தவராகவும், இங்கே செல்லுபடியாகும் முழு உரிமத்தை மூன்றாண்டுகளாவது வைத்திருப்பவராகவும் இருக்க வேண்டும். இந்தியப் பேருந்து ஓட்டுநரின் முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது.

"புதுசா வந்தவனுக்கு ரோடு தெரியும், மூணு வருஷம் இருந்தவனுக்குத் தெரியாதா? இது என்ன கணக்கு?" என்று அப்பா கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கணினித் துறையில் இருப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விதி விசித்திரமாகத் தெரிந்தால், அதை யார், எப்போது, யாருக்காக எழுதினார்கள் என்று தேடிப் போவான். அப்படித் தேடியதில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

*

ஓட்டுவதற்கென்று உலகில் முதலில் காகிதம் வாங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ்தான். அவருடைய வண்டியின் சத்தத்தையும் நாற்றத்தையும் பற்றி மன்ஹைம் நகரவாசிகள் புகார் செய்ய, 1888இல் அவர் பாடன் அரசின் அதிகாரிகளிடம் எழுத்துபூர்வமான அனுமதி பெற்றார். அவருக்கு ஓட்டத் தெரியுமா என்று சோதிக்க அன்று யாரும் இல்லை. தெரிந்தவர்களே ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அந்தக் காகிதம் திறமைக்கான சான்று அல்ல. இந்த ஆள் எங்கள் தெருவில் போகலாம் என்ற சம்மதம்.

இங்கே நம் மொழியில் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதை 'ஓட்டுநர் உரிமம்' என்கிறோம். ஈழத்தவர்கள் 'சாரதி அனுமதிப்பத்திரம்' என்கிறார்கள். உரிமம் என்ற சொல்லுக்குள் உரிமை இருக்கிறது, கற்றுத் தேர்ந்தவனுக்குச் சொந்தமான ஒன்று என்ற தொனி. அனுமதிப்பத்திரத்தில் அந்த மயக்கம் கிடையாது. கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவர் கொடுத்தால்தான் உண்டு. இந்த வரலாற்றைப் படித்த பிறகு யாழ்ப்பாணத்துச் சொல்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பணக்காரர்கள் சொந்தக் காரில் நாடு விட்டு நாடு சுற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு எல்லையிலும் புதிய காகிதம், புதிய விதி. இந்தத் தலைவலியைத் தீர்க்க 1909 அக்டோபரில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வண்டியையும் ஓட்டுநரையும் பற்றிய விவரங்கள் கொண்ட ஒரு சர்வதேசச் சான்றிதழ், ஓராண்டு செல்லுபடி, குறைந்தபட்ச வயது 18. மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட் என்று நான்கு எச்சரிக்கைப் பலகைகளையும் அதே ஒப்பந்தம் பொதுவாக்கியது. 1926இல் பாரிஸில் மறுபடி கூடியபோது, வண்டிக்கு ஒரு சான்றிதழ், ஓட்டுநருக்கு ஒரு பெர்மிட் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இன்று நாம் ஊரிலிருந்து புறப்படும்முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவரும் சர்வதேசப் பெர்மிட்டின் பூட்டன் அது.

அந்த ஒப்பந்தங்களை எழுதியவர்களின் மனதில் இருந்த வெளிநாட்டவர் யார்? காரோடு வருபவர், சில வாரங்கள் தங்குபவர், ஓட்டலில் பணம் செலவழித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுபவர். பிழைக்க வந்து, பழைய காரொன்றை வாங்கி, இரவு ஷிப்டுக்குப் போகிற ஆள் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

போர் முடிந்தபின் ஐக்கிய நாடுகள் சபை 1949 செப்டம்பரில் ஜெனீவாவில் புதிய சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தை உருவாக்கியது. இலங்கை 1957இலும் இந்தியா 1962இலும் அதில் இணைந்தன. ஒரு நாட்டின் உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தம். ஆனால் அதன் முதல் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு நாட்டில் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்ட ஓட்டுநருக்கு இந்தச் சலுகையைத் தர அந்த நாடு கடமைப்பட்டதல்ல. 1968இல் வியன்னாவில் எழுதப்பட்ட அடுத்த ஒப்பந்தம் இன்னும் நேராகவே பேசியது. ஒருவர் தம் வழக்கமான குடியிருப்பை நம் நாட்டுக்கு மாற்றிக்கொண்டுவிட்டால், அவருடைய பழைய நாட்டு உரிமத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை என்றது.

அப்பாவின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பன்னிரண்டு மாதம் என்பது சாலை பற்றிய கணக்கே அல்ல. பதின்மூன்றாம் மாதம் யாரும் ஓட்டுவதை மறந்துவிடுவதில்லை. அது விருந்தாளி குடியிருப்பவனாக மாறும் நாளைக் குறிக்கும் கோடு. விருந்தாளியின் நாட்டை நம்புவது மரியாதை. குடியிருக்க வந்தவனிடம் அந்த மரியாதையைத் தொடரத் தேவையில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம்மவர்கள் சொன்னதை ஜெனீவாவில் பன்னிரண்டு மாதம் என்று எழுதி வைத்தார்கள். நான் இந்த நாட்டில் வசிப்பவன் என்பதை விசா முத்திரைக்கு முன்பே, வீட்டுக் கடனுக்கு முன்பே, எனக்கு அறிவித்தது செல்லாமல் போன என் ஓட்டுநர் உரிமம்தான்.

*

பிரிட்டன் தன் சொந்த மக்களை எப்படி நடத்தியது என்பதையும் பார்க்க வேண்டும். 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி 1904 ஜனவரி முதல் உரிமம் கட்டாயம். பதினேழு வயது, ஐந்து ஷில்லிங், ஒரு விண்ணப்பம். சோதனை கிடையாது. முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடியது. 1934இல் மட்டும் சாலைகளில் 7,343 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுதான் சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1935 ஜூன் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். சோதனை மையம் என்று எதுவும் இல்லாததால், தேர்வாளரை ஒரு பூங்கா வாசலிலோ ரயில் நிலையத்திலோ சந்திக்க ஏற்பாடு செய்துகொள்வார்கள். முதல் ஆண்டில் தேறியவர்கள் நூற்றுக்கு 63 பேர். எல் போர்டு வந்ததும் அதே 1935இல்தான். அந்தச் சிவப்பு எழுத்து இங்கிருந்து நம் ஊருக்குப் போனது. அதை ஊரில் கழற்றி எறிந்துவிட்டு வந்தவர்கள் இங்கே வந்து மறுபடி மாட்டிக்கொள்கிறோம்.

1934 ஏப்ரலுக்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்கள் யாருக்கும் சோதனை இல்லை. அவர்கள் சாகும்வரை சோதனையின்றியே ஓட்டினார்கள். போர் வந்ததும் 1939 செப்டம்பரில் சோதனைகள் நிறுத்தப்பட்டு 1946 நவம்பரில்தான் மீண்டும் தொடங்கின. 1947 பிப்ரவரியிலிருந்து ஓராண்டுக்கு, போர்க்காலத் தற்காலிக உரிமம் வைத்திருந்தவர்கள் சோதனை இல்லாமலே அதை முழு உரிமமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 1956இல் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் பங்கீட்டைக் கவனிக்கத் தேர்வாளர்களை அனுப்பிவிட்டு, பழகுநர்கள் தனியாகவே ஓட்டலாம் என்று விட்டார்கள். தன் மக்கள் மீது நம்பிக்கை இருந்தபோதெல்லாம் அரசு சோதனையைத் தள்ளி வைத்திருக்கிறது. எனவே கேள்வி ஓட்டத் தெரியுமா என்பது மட்டுமல்ல. உன்னை நம்பலாமா என்பதும்தான்.

அந்த நம்பிக்கை நாடு நாடாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. சில நாடுகளின் உரிமத்தைச் சோதனை இல்லாமல் பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, சுவிட்சர்லாந்து, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, பார்படாஸ், ஹாங்காங், சிங்கப்பூர் போன்றவை அதில் உண்டு. 2021இல் உக்ரைன், தைவான், ஐக்கிய அரபு அமீரகம் முதலியவற்றையும் சேர்த்தார்கள். இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் இல்லை. பட்டியலில் இருக்கும் கனடாவிலும் தென்கொரியாவிலும் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. பட்டியலில் இல்லாத நம் மூன்று நாடுகளிலும் பிரிட்டன் விட்டுச்சென்றபடி இடப்பக்கம்.

தமிழர்களை மட்டும் வைத்து இந்தப் பட்டியலைப் பாருங்கள். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் சோதனை எழுதித் தேறிய தமிழர் லண்டன் வந்ததும் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும். ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் தேறிய தமிழர் எல் போர்டு மாட்ட வேண்டும். துபாயில் வகுப்பு வகுப்பாகப் போய், பலமுறை தோற்று, சம்பளத்தில் பாதியைக் கரைத்து உரிமம் வாங்கிய தென்காசிக்காரருக்கு 2021க்குப் பிறகு அது இங்கேயும் கைகொடுக்கிறது. தொண்ணூறுகளில் ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் அகதிகளாகப் போன ஈழத் தமிழர்கள் பலர் குடியுரிமை பெற்றபின் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு மாறினார்கள். 1996 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒன்று மற்றொன்றின் உரிமத்தை அப்படியே ஏற்றன. டச்சு மொழியில் படித்துத் தேறிய உரிமத்தோடு அவர்கள் கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு டோவரில் இறங்கினார்கள். அதே ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து நேராக லண்டன் வந்த அவர்களின் அண்ணனோ தம்பியோ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே லொறியில் பழகிய இருவர். இடையில் நின்றது வேறொரு நாட்டின் முத்திரை.

இதை அநியாயம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட என் மனச்சாட்சி இடம் தராது. நான் ஊரில் உரிமம் வாங்கிய கதை அப்படி. டிரைவிங் ஸ்கூல்காரர் ஏழெட்டுப் பேரை ஒரே காரில் அழைத்துப்போனார். என் முறை வந்ததும் ஐம்பதடி முன்னால் போய் நிறுத்தினேன். அவ்வளவுதான். கண்ணாடி பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை. அந்த அட்டையைப் பிரிட்டன் நம்பாததில் நியாயம் உண்டு. ஆனால் அப்பாவின் உரிமமும் அதே அட்டைதான். மழையிலும் இருட்டிலும் அறுபது பேரைச் சுமந்து திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓட்டி, ஓர் உயிரையும் பலி கொள்ளாத மனிதரின் அட்டையும் ஐம்பதடி ஓட்டியவனின் அட்டையும் ஒரே எடை. பட்டியல் நாட்டை நிறுக்கிறது, ஆளை அல்ல.

நான் இங்கே இரண்டு முறை தோற்றேன். பதினைந்து சிறு தவறுகள்வரை மன்னிப்பார்கள். ஒரே ஒரு பெரிய தவறு போதும், முடிந்தது. முதல் தடவை ரவுண்டானாவில் நுழையத் தயங்கிப் பின்னால் வந்தவர்களை நிற்க வைத்தேன். இரண்டாம் தடவை கண்ணாடி பார்க்காமல் தடம் மாறினேன். கற்றுக்கொண்டதைவிட மறக்க வேண்டியதுதான் அதிகமாக இருந்தது. முந்த இடம் கிடைத்தால் முந்துவது, ஹாரனைப் பேச்சாகப் பயன்படுத்துவது, யாரும் வழிவிட மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது. மூன்றாம் முறை தேறினேன். நல்ல ஓட்டுநரானேன் என்பதை மறுக்க மாட்டேன்.

*

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஒரு சிறிய பங்கு இருந்தது. அதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1996 ஜூலையில் எழுத்துத் தேர்வு தனியாக வந்தது. 2000இல் அது கணினித் திரைக்கு மாறியது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள்விகளைத் தங்கள் மொழியில் கேட்கும் வசதி வந்தது. ஆங்கிலமும் வெல்ஷும் தவிர 19 மொழிகள். உருது, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளம், துருக்கி, போலிஷ் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. இந்த நாட்டின் அரசுத் தேர்வொன்று தமிழில் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். பருத்தித்துறைக்காரர். ஊரில் சைக்கிள் தவிர எதையும் ஓட்டாதவர். கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு, விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய்க்கொண்டிருந்தார். பேருந்து தொடங்குமுன் வேலை தொடங்கிவிடும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. மூன்றாம் தடவை எழுத்துத் தேர்வைத் தமிழில் எடுத்துத் தேறினார். "காதுக்குள்ளை தமிழ் கேட்டவுடனை கை நடுக்கம் நிண்டிட்டுது தம்பி. அதுக்குப் பிறகுதான் கேள்வியே விளங்கினது" என்றார். கேள்விக்கு விடை அவருக்கு முன்பும் தெரிந்தே இருந்தது.

2014 ஏப்ரல் 7ஆம் தேதியோடு அந்த வசதி நின்றது. அன்று முதல் ஆங்கிலம், வெல்ஷ், காது கேளாதோருக்கான பிரிட்டிஷ் சைகை மொழி மட்டுமே. மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்து வருவதும் நின்றது. அரசு சொன்ன காரணங்கள் நான்கு. சாலைப் பாதுகாப்பு, மோசடி, செலவு, புதிதாக வந்தவர்கள் ஆங்கிலம் கற்றுச் சமூகத்தோடு கலக்க வேண்டும் என்பது. மொழிபெயர்க்க வந்த சிலர் விடையையே சொல்லிக்கொடுத்து மாட்டியதும் உண்மை. சாலைப் பலகைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, படிக்கத் தெரியாவிட்டால் ஆபத்து என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த முடிவை ஜெனீவாவோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத சுற்றுலாப் பயணி இன்றும் இங்கே வாடகைக் கார் எடுத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம். அவரிடம் யாரும் பலகை படிக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. பதின்மூன்றாம் மாதம் வேலைக்குப் போக வேண்டிய அக்காவிடம்தான் கேட்கிறோம். கேட்பது தவறென்று நான் சொல்லவில்லை. யாரிடம் கேட்கிறோம், யாரிடம் கேட்காமல் விடுகிறோம் என்பதை 1909இல் வகுத்த கோடுதான் இன்னும் தீர்மானிக்கிறது. அக்கா தேறியது 2009இல். அவருக்குப் பின் வந்த அவருடைய தம்பி மனைவிக்கு அந்தத் தமிழ்க் குரல் கிடைக்கவில்லை. அவர் இன்னும் விடிகாலைப் பேருந்துக்காகத்தான் நிற்கிறார்.

*

அந்த 2007 கோடையில் அப்பா எங்களை பிரைட்டன் கடற்கரைவரை ஓட்டிச் சென்றார். நெடுஞ்சாலையில் யாரும் ஹாரன் அடிக்காததை நம்ப முடியாமல், "எல்லாரும் என் மேல கோவமா இருக்காங்களா?" என்று ஒருமுறை கேட்டார். ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்று நான் சொல்ல, அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். ஆறு மாதம் முடிவதற்குள் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய பன்னிரண்டு மாதம் கடைசிவரை முடியவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் விருந்தாளியாகவே வந்து விருந்தாளியாகவே போனார். இப்போது அவர் இல்லை.

சென்ற ஆண்டு என் மகள் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தாள். எங்கள் ஊரில் எல்.எல்.ஆர். என்போமே, அதுதான். இங்கே பதினைந்து வயது ஒன்பது மாதம் ஆனதும் விண்ணப்பிக்கலாம், பதினேழில் ஓட்டிப் பழகலாம். சுவான்சியிலிருந்து உறை வந்த அன்று அவளுடைய அட்டையையும் என்னுடையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூன்றாம் எண்ணில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் பிறந்த நாடு. என்னுடையதில் இந்தியா. அவளுடையதில் ஐக்கிய இராச்சியம்.

"இந்த நம்பர்ல ஏன் முதல்ல உங்க பேர் இருக்கு?" என்று கேட்டாள்.

பிரிட்டிஷ் உரிமத்தின் எண் குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துகளில் தொடங்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. அதனால் அவளுடைய எண் என் பெயரில் தொடங்குகிறது. என்னுடையதை எடுத்து அவளிடம் காட்டினேன். அதன் முதல் ஐந்து எழுத்துகள், இந்த நாட்டில் எல் போர்டு இல்லாமல் ஓட்டிவிட்டுப் போன அவளுடைய தாத்தாவின் பெயர்.

பதினேழு வயதானதும் நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது.